வளவில் காந்தள்: மாரியின் முறையறிந்த நிலத்தடங்கி

பயிர்களை அவற்றின் வாழ்நாள் அளவால் மூன்றாகப் பகுப்பது வழக்கம். ஒரே ஆண்டிற்குள் முளைத்துத் தழைத்துப் பூத்து வித்தீன்று மடிவன ஓராண்டிகள். முதலாண்டில் உணவைத் திரட்டி இரண்டாமாண்டிற் பூத்து முடிவன ஈராண்டிகள். பூத்தும் காய்த்தும் மடியாது ஆண்டுதோறும் நிலைப்பன பல்லாண்டிகள். எள்ளும் பயறும் முதல் வகைக்கும், குளிர்நாட்டுக் கோவாவும் கரட்டும் இரண்டாம் வகைக்கும், பனையும் வேம்பும் மூன்றாம் வகைக்கும் எடுத்துக்காட்டுகள். எனினும் இப்பகுப்பு ஒரு வினாவைத் தொடாமலே விட்டுவிடுகிறது. பல்லாண்டி ஒன்று தனக்கு ஒவ்வாத பருவத்தை எங்ஙனம் கடக்கிறது? தென்மார்க்கு நாட்டு அறிஞர் கிறிசுதன் இரவுங்கியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினாவையே அளவுகோலாகக் கொண்டு வேறொரு பகுப்பை வகுத்தார். அடுத்த பருவத்தில் துளிர்க்க வேண்டிய அரும்பு, கடும்பருவத்தில் எவ்விடத்திற் காக்கப்படுகிறது என்பது ஒன்றையே அவர் நோக்கினார். மரங்களுக்கு அது கிளைநுனியில், குற்றுச்செடிகளுக்கு நிலத்தை ஒட்டிய தண்டில், சிலவற்றிற்கு நிலத்தின் மேற்பரப்பிலேயே, ஓராண்டிகளுக்கு வித்தினுள். எஞ்சிய ஒரு கூட்டம் தன் அரும்பை மண்ணினுள் புதைத்துவிட்டு, மேலுடல் முழுவதையும் உதிர்த்துவிடுகிறது. அக்கூட்டத்தை நிலத்தடங்கிகள் என்று இக்கட்டுரை வழங்கும்.

நிலத்தடங்கி ஒவ்வொன்றும் தன் உணவிருப்பை மண்ணுள் வைத்திருத்தல் வேண்டும். ஏனெனில் இலையில்லாத உயிர் உணவாக்க முடியாது, உணவின்றி மீண்டும் இலைவிடவும் முடியாது. அவ்விருப்பு வைக்கும் உறுப்பால் அவை மேலும் பிரியும். வெங்காயம் தடித்த இலையடிகளை அடுக்கிக் குமிழாக்குகிறது. இஞ்சியும் மஞ்சளும் கிடையாகப் படரும் தண்டையே மட்டக்கிழங்காக்குகின்றன. கருணை தண்டின் அடியைத் திரட்டி முட்டுக்கிழங்காக்குகிறது. வற்றாளை வேரையே பருக்கச் செய்கிறது. வடபுலக் குளிர்நாடுகளின் தோட்டங்களிற் பெருவிருப்போடு பேணப்படுவதும், மேலைநாட்டார் ஐரிசு என்றழைப்பதுமான வாளிலைச்செடியின் பல இனங்களும் மட்டக்கிழங்கால் வாழும் நிலத்தடங்கிகளே. அவற்றின் உறுதியும், ஆண்டுதோறும் தவறாது பூக்கும் ஒழுங்கும், வீட்டார் பெரிதாகப் பார்த்துக்கொள்ளாவிடினும் தாமே தழைக்கும் இயல்பும் அந்நாட்டுத் தோட்டக்காரர் நெஞ்சைக் கவர்ந்தவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணில் அத்தகைய உறுதியும் ஒழுங்கும் உடைய நம் மண்ணுக்குரிய பல்லாண்டி எது என்று கேட்டால், அதற்கு விடை காந்தள். நம்மூரார் நாவில் அது கார்த்திகைப்பூ.

பயிரியலறிஞர் இலின்னேயசு 1753இல் வெளியிட்ட பயிரினத் தொகுப்பில் இதற்குக் குளோரியோசா சுப்பர்பா என்று இருசொற்பெயர் இட்டார். இன்றைய வகைப்பாட்டில் இது அல்லி வரிசையைச் சார்ந்த கொல்சிக்கக் குடும்பத்தது. வாளிலைச்செடியோ வேறு வரிசையிலுள்ள வேறு குடும்பத்தது. ஆயினும் இரண்டும் ஒருவித்திலையிகள்; இரண்டின் பூவும் மும்மூன்றாக ஈரடுக்கில் அமைந்த ஆறு பூவுறையிதழ்களை உடையது. வேற்றுமை உள்ளுறுப்பில் தெளிவாகும். வாளிலைச்செடிக்குத் தாதுக்கேசரம் மூன்று, காந்தளுக்கு ஆறு. வாளிலைச்செடியின் சூலகம் இதழ்களுக்குக் கீழே அமைந்தது, காந்தளின் சூலகம் இதழ்களுக்கு மேலே அமைந்தது. நம் வேலியிற் பூத்த ஒரு பூவைக் கையிலெடுத்து எண்ணிப் பார்க்கும் பள்ளிச் சிறுமி, வகைப்பாட்டியலின் முதற்பாடத்தை நூலின்றியே கற்றுவிடலாம்.

காந்தளைத் தமிழர் அறிந்தது நேற்றன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் நிரல்படுத்திய பூக்களின் பெயர்த்தொகுதி செங்காந்தளிலிருந்தே தொடங்குகிறது. சங்கச் சான்றோர் அதனை மலைசார்ந்த குறிஞ்சி நிலத்துக்கு உரிமையாக்கி, முருகனுக்கு உரிய பூவாகவும் பாடினர். இங்கே ஓர் ஐயம் எழும், எழ வேண்டும். குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்ற பெயரில் மலை உண்டேயன்றி நிலத்தில் இல்லை. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் பரந்து கிடக்கும் தட்டை நிலத்தில், குறிஞ்சி நிலத்துப் பூவான காந்தள் எங்ஙனம் வேரூன்றிற்று?

விடை நிலத்தின் உயரத்தில் இல்லை, அதன் நீரோட்டத்தில் உள்ளது. மலைச்சரிவில் மழைநீர் நிற்பதில்லை. வேரை நனைத்துவிட்டு இறங்கிவிடும். காந்தளின் கிழங்கு வேண்டுவது அதனையே: மாரியில் நிறைந்த ஈரம், ஆனால் தேங்காத ஈரம், மாரி முடிந்தபின் நீண்ட வறட்சி. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். அதன் வெடிப்புகளும் குடைவுகளும் வழியாக மழைநீர் விரைந்து கீழிறங்கி நிலத்தடி நீராகச் சேர்கிறது; நிலாவரைக் கிணறு போன்ற ஆழ்குடைவுகள் அவ்வமைப்பின் கண்கூடான சான்றுகள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கு இல்லாமைக்கும், கிணறே எம் உழவின் உயிராக இருத்தற்கும் அதுவே ஏது. மலைநாட்டிற் சரிவு செய்யும் வேலையை இங்குக் கல்லின் துளைகள் செய்கின்றன. மழையோ ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடும். பின்னர் நெடுங்கோடையும் சோளகக்காற்றும். வலிகாமத்துச் செம்மண்ணும், வடமராட்சிக் கிழக்கின் மணலும், தென்மராட்சியின் மணற்பாங்கான வளவுகளும் காந்தளுக்கு இசைந்தமை இதனாலேயே. புலவர் மலையைக் கண்டனர். மலையின் வடிகாலையே பயிர் கண்டது. இரண்டும் பொய்யல்ல.

இனிக் கிழங்கைப் பார்ப்போம். இப்பயிரின் அறிவியல் முழுதும் அதனுள் அடங்கியுள்ளது. மண்ணைக் கையால் மெல்ல விலக்கினால் வெளிர்மஞ்சள் நிறத்தில், ஏறத்தாழ விரற்பருமனில், இரு கைகள் ஒரு மூலையிற் சேர்ந்தாற்போன்ற கிழங்கு தென்படும். கலப்பையின் வடிவை ஒத்தலால் நாட்டு மருத்துவர் இதனைக் கலப்பைக்கிழங்கு என்பர். இரு கைகளும் நீளத்தில் ஒத்திருப்பதில்லை. ஒவ்வொரு கையின் கூர்நுனியிலும் ஓர் அரும்பு, ஒன்றே ஒன்று, உள்ளது. உருளைக்கிழங்கின் மேனியெங்கும் கண்கள் உண்டு. எத்துண்டை நட்டாலும் முளைக்கும். காந்தட்கிழங்கின் நுனி முறிந்தால் அந்தக் கை அவ்வாண்டு பெரும்பாலும் தளிர்ப்பதில்லை. கிழங்கோ எளிதில் ஒடியும் தன்மையது. எனவே அலவாங்கும் மண்வெட்டியும் இதனருகே வரலாகா. ஒரு முழத் தொலைவில் மண்ணைத் தளர்த்திவிட்டுக் கைவிரலாலேயே அகழ்தல் வேண்டும்.

ஆண்டொன்றில் இக்கிழங்குக்கு நேர்வதை நிரலாக நோக்கினால் ஒரு பெரும் ஒழுங்கு புலப்படும். புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்ததும் நுனியரும்பு விழிக்கிறது. அது தளிராகி மேலெழும்போது வேண்டிய உணவெல்லாம் பழைய கிழங்கிலிருந்தே வருகிறது. தண்டு எழுந்து இலைகள் விரிந்தபின் ஓட்டம் திரும்புகிறது: இலைகள் ஆக்கும் மாப்பொருள் கீழிறங்கி, புதிய தண்டின் அடியிற் புதியதொரு கிழங்கைத் திரட்டத் தொடங்குகிறது. மேலே பூத்துக் காய்க்கும் காலமெல்லாம் கீழே இவ்வேலை நடந்தவண்ணமே இருக்கும். தை மாசியிற் கொடி மஞ்சளாகிச் சாயும்போது பழைய கிழங்கு சுருங்கி வெறும் தோலாகி முடிந்திருக்கும். அதனிடத்தில், அதன் நுனியை அடுத்து, இரு கையுடைய புதுக்கிழங்கு நிறைந்திருக்கும். இரு அரும்புகளும் முளைத்திருந்தால் இரண்டு புதுக்கிழங்குகள். ஆக, பல்லாண்டி என்று நாம் அழைக்கும் இப்பயிரில் ஓராண்டுக்குமேல் நிலைக்கும் உறுப்பு ஒன்றேனும் இல்லை. உறுப்பு ஒவ்வொன்றும் மாறியும் உயிர் மாறுவதில்லை. புதுக்கிழங்கு பழையதன் நுனியிற் பிறப்பதால் பயிர் ஆண்டுதோறும் கிழங்கின் நீளமளவு இடம்பெயர்கிறது. பல ஆண்டுகட்குமுன் வேலியின் இப்பக்கத்தில் நட்டது அப்பக்கத்து வளவில் தலைகாட்டுவதில் வியப்பில்லை.

பங்குனி தொடங்கி ஆவணி வரை கிழங்கு உறங்குகிறது. இவ்வுறக்கம் நோயன்று, சோர்வுமன்று. பயிரின் உடலமைப்பில் எழுதப்பட்ட ஓய்வு. காந்தளை வளர்ப்போர் பலர் தோற்பது இங்கேதான். கொடி காய்ந்ததும் பயிர் தாகத்தால் மடிகிறது என்றெண்ணி நாள்தோறும் நீர் ஊற்றுகின்றனர். உறங்கும் கிழங்கு அந்நீரைப் பயன்கொள்ள வழியின்றி அழுகுகிறது. மற்றைப் பூச்செடிக்கு அன்பு நீர் ஊற்றுவது. காந்தளுக்கு அன்பு, ஊற்றாதிருக்க வேண்டிய காலத்தை அறிந்து ஊற்றாதிருப்பது.

தண்டு மெலிந்தது, தானே நிற்க வலியற்றது, இரண்டு மூன்று மீற்றர் வரை ஏறும் விழைவுடையது. ஏறுதற்கு அது கையாளும் கருவி இலைநுனி. ஈட்டி வடிவான இலை, காம்பின்றித் தண்டோடு ஒட்டி, நுனியில் ஒடுங்கி ஒடுங்கி நூல்போலாகி, கொக்கியாய் வளைந்து பற்றிழையாகிறது. கீழிலைகளில் இப்பற்றிழை பெரும்பாலும் இல்லை. பிடிக்க ஒன்றும் இல்லாத உயரத்தில் பிடிகருவி எதற்கு? மேலே செல்லச்செல்லத்தான் நுனிகள் நீண்டு வளைகின்றன. கொக்கி ஒரு சுள்ளியைத் தொட்டவுடன், தொட்ட பக்கத்தின் வளர்ச்சி குறைந்து மறுபக்கத்தின் வளர்ச்சி மிகுந்து, இலைநுனி சுள்ளியைச் சுற்றிக்கொள்கிறது. ஏறுகொடிகளைப்பற்றிச் சார்லசு தார்வின் 1865இல் வெளியிட்ட ஆய்வில், இலையால் ஏறும் கொடிகளுள் ஒன்றாகக் காந்தட் பேரினத்துக் கொடியையும் எடுத்துக்கொண்டு நோக்கியுள்ளார். உணவாக்கும் உறுப்பே பற்றும் உறுப்புமாதல் சிக்கனத்தின் உச்சம். தனியொரு கையைப் படைக்காமல், இருந்த இலையையே கையாக நீட்டிக்கொண்டது இக்கொடி.

யாழ்ப்பாணத்து வேலி இக்கொடிக்கு எவ்வளவு பொருந்தியது என்பது இப்போது விளங்கும். கிளுவைக் கதியால், பூவரசு, ஆடாதோடை, முண்முருக்கு ஆகியவை நெருங்கி நிற்கும் உயிர்வேலியில் விரலளவும் அதனினும் மெலிந்ததுமான சுள்ளிகள் எங்கும் உண்டு. பற்றிழை சுற்றத்தக்க பருமன் அதுவே. வேலியடி மண்ணை எவரும் கொத்துவதில்லை. ஆகவே கிழங்கின் உறக்கம் கலைவதில்லை. உதிரும் இலைக்குப்பை எருவாகிறது. மாரிக்காலத்தில் அரைநிழலும் தலைக்கு வெயிலும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் இதனை வயற்பயிராக நடும் உழவர்களும் முட்கிளுவையைக் கொம்பாக ஊன்றியே கொடியை ஏற்றுகின்றனர்; நம் முன்னோர் வேலிக்கென நட்டது அங்கே பயிர்நூல் ஆயிற்று. இன்று குடாநாட்டிற் கதியால் வேலிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டுக் கல்மதில்கள் எழுகின்றன. மதிலின் அடித்தளத்துக்காக வெட்டும் வாய்க்கால், கிழங்கின் உறைவிடத்தையும் கொடியின் ஏணியையும் ஒரே நாளில் அழிக்கிறது. காந்தள் அரிதாகிவிட்டது என்று வருந்துவோர் பூப்பறிப்போரை மட்டும் பழிக்கின்றனர். என் எண்ணத்தில் மதில் செய்த கேடு அதனினும் பெரிது.

பூ கார்த்திகையில் வருகிறது. விளக்கீட்டு நாளில் வேலியோரம் நடப்பவர் அதைக் காணாமற் செல்ல முடியாது. ஒரே கொடியில் கீழிருந்து மேலாகப் பூக்கள் முறையே விரிவதால், நிறமாற்றத்தின் எல்லா நிலைகளையும் ஒரே காலையில் ஒருங்கே காணலாம். உச்சியில் பச்சை அரும்புகள், தலைகவிழ்ந்து. அதற்குக் கீழே அன்று விரிந்த பூ: இதழ்கள் பசுமஞ்சள், ஓரங்கள் அலைநெளிவோடு, பின்னோக்கி மடியத் தொடங்கியவை. அதன்கீழ், நுனி சிவந்து அடி மஞ்சளாய் நிற்கும் பூ. அதன்கீழ், முழுதும் செங்குருதி நிறமாகி இதழ்கள் மேலே மடிந்து உயர்ந்த பூ. இவை நான்கு பூக்களல்ல, ஒரே பூவின் நான்கு நாள்நிலைகள். கொடி தன் காலக்கணக்கைத் தண்டின்மேல் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறது.

பூவின் உள்ளமைப்பு அதனினும் நுட்பமானது. இதழ்கள் மேலே மடிந்தபின், ஆறு தாதுக்கம்பிகள் ஆரங்களாக வெளிநோக்கி விரிகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் தாதுப்பை நடுவிற் பொருந்தி, காற்றிலும் தொடுகையிலும் அசையும்வண்ணம் நிற்கிறது. நடுவிலிருந்து நேரே கீழிறங்க வேண்டிய சூல்தண்டோ, அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக முறித்துத் திரும்பியதுபோல் ஒருபக்கமாக நீண்டுசெல்கிறது. சூல்முடி தாதுப்பைகளிலிருந்து விலகிநிற்பதால் ஒரு பூவின் துகள் அதே பூவின் சூல்முடியில் தானே விழும் வாய்ப்புக் குறைகிறது. இதனை இடவிலக்கம் என்போம். இதழடியில் ஊறும் தேனை நாடி வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வரும்போது, அதன் சிறகும் உடலும் விளிம்பில் நிற்கும் தாதுப்பைகளில் உராய்ந்து துகளேற்று, அடுத்த பூவிற் பக்கவாட்டில் நீண்டிருக்கும் சூல்முடியில் அதை இறக்குகின்றன. தேன் நடுவில், துகளும் சூல்முடியும் சுற்றில். வரும் உயிரின் சிறகு அகலத்தை அளந்து வைத்தாற்போன்ற அமைப்பு இது. வளவிற் பூத்தும் காய்பிடிக்கவில்லை என்பார் இதனை உணர்க: வண்ணத்துப்பூச்சிகள் வராத வளவிற் காந்தட்காய் அரிது. அத்தகைய இடத்தில், காலை வேளையில் தாதுப்பை ஒன்றைப் பறித்து வேறொரு கொடியின் பூவிலுள்ள சூல்முடியில் தடவினால் காய்க்கும்; தமிழ்நாட்டு வயல்களில் உழவர் நாள்தோறும் செய்யும் வேலை இதுவே.

அழகுக்கு அடுத்துச் சொல்ல வேண்டியது நஞ்சு. இதில் தயக்கம் கூடாது. காந்தளின் எல்லா உறுப்பும் நஞ்சுடையன. கிழங்கும் வித்தும் மிகக் கொடியன. அந்நஞ்சு கொல்கிசின் எனப்படும் காரப்போலி. பிரான்சு நாட்டு வேதியலார் பெல்லத்தியேயும் கவந்துவும் 1820இல் இதனை இதே குடும்பத்து மேலைநாட்டுக் கொல்சிக்கச் செடியிலிருந்து பிரித்தெடுத்தனர். இது உடலில் என்ன செய்கிறது என்பதை முறையாக விளங்கிக்கொள்ளலாம். கலம் ஒன்று இரண்டாகப் பிரியுமுன், அதன் நிறப்புரிகள் இரட்டித்து, இரு பங்காக எதிர்முனைகளுக்கு இழுக்கப்படல் வேண்டும். இழுக்கும் கயிறுகள் நுண்குழல்கள். அவை ஒருவகைப் புரதத் துணுக்குகள் ஒன்றன்மேலொன்று கோத்து ஆனவை. கொல்கிசின் அத்துணுக்கைப் பற்றிக்கொண்டு கோப்பைத் தடுக்கிறது. கயிறின்றி இழுப்பில்லை, இழுப்பின்றிப் பிரிவில்லை. ஆகவே உடலில் எவ்விடத்துக் கலங்கள் ஓயாது பிரிகின்றனவோ அவ்விடமே முதலிற் கெடும். குடலின் உட்போர்வை முதலில்: சில மணி நேரத்தில் வாந்தியும் கழிச்சலும். அடுத்த நாள்களில் எலும்பு மச்சை: குருதியணுக்கள் குறைதல். தப்பிப் பிழைத்தோர்க்கும் இரு கிழமை அளவில் மயிர்க்கால்கள் சோர்ந்து முடி உதிர்தல். நோயின் அறிகுறிகள் தாறுமாறாக வருவன போலத் தோன்றும். கலப்பிரிவின் விரைவு என்னும் ஒரே கோலை வைத்து அளந்தால் அவை அத்தனையும் நிரலில் நிற்கும்.

இலங்கையில் இக்கிழங்கை உண்ணும் கிழங்கென மயங்கி உட்கொண்டு மாண்டோர் உளர். வற்றாளையும் இராசவள்ளியும் அகழும் வளவில் இம்மயக்கம் எளிதில் நேரும். இந்நஞ்சுக்கெனத் தனி மாற்றுமருந்து வழக்கில் இல்லை. உட்கொண்டதாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராது, உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். கைமருந்து தேடி ஒரு நாழிகையும் போக்கலாகாது. ஆகையால் கிழங்குப் பாத்திகளை அடுத்துக் காந்தளை ஒருபோதும் நடாதீர்கள். ஆடு கட்டும் இடத்தருகிலும் வேண்டா. பிள்ளைகளுக்குப் பூவைக் காட்டும் நாளிலேயே கிழங்கின் கொடுமையையும் சொல்லிவையுங்கள்.

கொல்லும் அதே இயல்பு அளவறிந்து கையாளுவார்க்கு மருந்து. மூட்டுகளில் சிறுநீர்க்காடியின் உப்புப் படிந்து வீங்கி நோகும் சூலைக்குக் கொல்கிசின் மிகச் சிறிய அளவில் இன்றும் மருத்துவரால் வழங்கப்படுகிறது. பயிர்வளர்ப்பிலும் அதற்கோர் இடமுண்டு. நிறப்புரிகள் இரட்டித்தபின் பிரியவியலாது ஒரே கலத்துள் தங்கிவிட்டால் அக்கலம் இருமடங்கு நிறப்புரிகளை உடையதாகிறது. பிளேக்சுலீ, ஏவரி ஆகிய அமெரிக்க அறிஞர் இருவர் 1937இல் இம்முறையால் பயிர்களின் நிறப்புரித் தொகையை இரட்டிக்கலாம் என்று வெளியிட்டனர். யப்பானிய அறிஞர் கிகாரா வழிவகுத்த வித்தில்லா வத்தகப்பழமும் இந்நெறியிற் பிறந்ததே: நிறப்புரி இரட்டித்த செடியையும் இரட்டியாத செடியையும் கலந்தால் பிறக்கும் செடி மும்மடங்கு நிறப்புரி உடையதாய், வித்தீனமாட்டாததாய் விளையும். கோடையில் வத்தகப்பழத் துண்டைக் கையிலேந்துபவர்க்கு வேலியோரக் காந்தளின் உறவு அதனுள் இருப்பது தெரியாது. விலங்குக் கலங்களைத் தாக்கும் அளவினும் பன்மடங்கு மிகுந்த அளவே பயிர்க்கலங்களைத் தாக்கும் என்பதும் அறியத்தக்கது. தன் நஞ்சைத் தானே தாங்கும் வகையில் பயிருலகின் நுண்குழல்கள் அமைந்துள்ளன.

இவற்றையெல்லாம் தமிழிற் சொல்ல இயலுமா என்று ஐயுறுவோர் இன்னும் உளர். அவர்க்குக் குடாநாட்டின் மானிப்பாயே விடை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், உடற்கூற்றியலையும் மருத்துவத்தையும் தமிழில் நூலாக்கி, தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். பிறநாட்டார் ஒருவர் நம் மொழியில் நம்பிக்கை வைத்து நூற்றைம்பது ஆண்டு கடந்துவிட்டது. கலம், நிறப்புரி, நுண்குழல், தாதுப்பை, சூல்முடி என்னும் சொற்களைக் கையாளும் இளைஞர், பொருளைக் கண்முன் கண்டே கற்கின்றனர்.

தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரால் காந்தள் பணப்பயிர். அங்கு வித்துக்காகவே பயிரிட்டு, கொல்கிசின் எடுப்போர்க்கு விற்கின்றனர். நடுதற்குரிய கிழங்குகள் காட்டிலிருந்தும் கடற்கரை மணலிலிருந்தும் அகழப்பட்டதால், எம் கரைக்கு எதிரே கடலுக்கு அப்பாலுள்ள வேதாரணியப் பக்கத்தில் இயற்கைக் காந்தள் தேய்ந்தது. குடாநாட்டில் அப்பிழை நிகழலாகாது. பற்றைக்காட்டிலும் கோயிற் சூழலிலும் தானே வளரும் கிழங்கை அகழாதீர்கள். நட விரும்புவோர் வளர்ப்பார் ஒருவரின் வளவில் இரட்டித்த கிழங்கைக் கேட்டுப் பெறுக. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் சிம்பாப்வேயின் நாட்டுப்பூவும் இதுவே. ஈழத்தமிழர் நடுவே அண்மைக்காலத்தில் நினைவேந்தலின் அடையாளமாகவும் ஆயிற்று. அவ்வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கு வேண்டுவது, பூவை மதிப்போர் கொடியையும் மதிக்க வேண்டும் என்பதே. கார்த்திகையிற் பறிப்போர் பலர் முழுக்கொடியோடு அறுத்துச் செல்கின்றனர். அடுத்த ஆண்டின் கிழங்கை ஊட்டும் இலைகள் அத்தண்டிலேயே உள்ளன; வேறு தண்டு அவ்வாண்டு எழாது. பூவை அதன் காம்போடு மட்டும் கிள்ளினால் கொடிக்குக் கேடில்லை.

நடுமுறை எளிது. ஆவணியில் இடம் தெரிக. மழைநாளில் நீர் தேங்காத, காலை வெயில் படும், வேலியடியோ மரநிழல் விளிம்போ போதும். களி மிகுந்த மண்ணாயின் மணலும் மக்கிய குப்பையும் கலக்க. வெறும் மணலாயின் மாட்டெருவும் பூவரசங்குழையும் தாழ்த்தி மழைக்குமுன் மக்கவிடுக. மண்ணின் காடித்தன்மை அளவு 6 முதல் 7 வரை இருத்தல் நன்று. கிழங்கு 50 முதல் 60 கிறாம் நிறையுடையதாயின் முதலாண்டே பூக்கும்; சிறியவை ஓராண்டு இலைவிட்டுத் தேறியபின் பூக்கும். ஒரு சாண் ஆழத்தினும் குறைந்த குழியில், கிழங்கைக் கிடையாக வைத்து, அரும்பு நுனி அடிபடாமல் மண்ணை உதிர்த்து மூடுக, அழுத்தி மிதித்தலாகாது. கிழங்குகளுக்கிடையே ஒரு முழம் விடுக. முதல் மழை பிந்தினால் மட்டும் கிழமைக்கு ஒருமுறை நீர் தெளிக்க. தளிர் எழுந்ததும் அருகே கிளுவைக் கிளையோ சுள்ளிகளையுடைய காய்ந்த கொம்போ ஊன்றுக. மதில் கட்டியோர் மதிலை ஒட்டிக் கம்பிவலை விரித்தும் ஏற்றலாம். வழவழப்பான குழாயும் பருத்த தூணும் பற்றிழைக்கு உதவா.

கார்மேனியில் வெண்புள்ளியும் செம்புள்ளியும் உடைய ஒரு புழு இலைகளை ஓரிரவில் மொட்டையடிக்கும்; பிற உயிர்க்கு நஞ்சான இலை அதற்கு உணவு. காலையில் இலையின் அடிப்பக்கம் பார்த்துக் கையுறையோடு பொறுக்கி நீக்கினால் போதும். சில கொடிகளுக்காக மருந்தடிக்க வேண்டுவதில்லை. கிழங்கழுகலுக்கு மருந்தைவிட வடிகாலே காப்பு.

தை பிறந்தபின் காய்கள் மூன்று பிளவாக வெடித்துச் செம்மணி வித்துகளைக் காட்டும். வித்தின் தோல் வன்மையானது. முளைக்கக் கிழமைகள் பல ஆகும். அதிலிருந்து எழும் செடி பூக்க மூன்று நான்கு ஆண்டு செல்லும். பொறுமை உடையோர் வித்தையும் விதைக்க வேண்டும், ஏனெனில் கிழங்கால் பெருகுவன எல்லாம் ஒரே உயிரின் படிகளே. வேறுபட்ட புதிய உயிர் வித்தால் மட்டுமே பிறக்கும். கொடி முற்றக் காய்ந்து தானே கழன்றபின் அவ்விடத்தில் ஒரு முளையடித்து அடையாளமிட்டு, அதன்மேல் வேறெதுவும் நடாமல் விடுக. கிழங்கைப் பிரிக்க வேண்டின் சித்திரைக்கு முன் அகழ்ந்து, மூலையில் இரு கைகளையும் மெல்லப் பிரித்து, நிழலிற் சில நாள் உலர்த்தி, உலர்ந்த மணலுட் புதைத்து, பிள்ளைகள் எட்டாத இடத்தில், சமையற்கட்டுக்கு வெளியே, பெயரெழுதி வைக்க. அயலாருக்குக் கொடுக்கும்போதும் அப்பெயரோடும் அது நஞ்சு என்ற எச்சரிக்கையோடுமே கொடுக்க.